கண்ணாடித் தொட்டிக்குள் ஓர் அமானிதம்



மீன் என்றதும் உங்களுக்கு ஆணமும் பொரியலும்தான் நினைவுக்கு வரும். நான் எழுதப் போவது சட்டிக்குப் போகும் மீனைப் பற்றியல்ல. கண்ணாடித் தொட்டிக்குள் நீந்தும் மீனைப் பற்றி. "மௌலவிக்கு வேறு வேலை இல்லையா?" என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். ஏனெனில், அந்த மீன்கள் எனக்கு ஒரு பாடம் கற்றுத் தந்தன. அது பல ஆண்டுகளாக நானே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து வந்த பாடம்தான்!

சில வாரங்களுக்கு முன் பக்கத்து வீட்டுச் சகோதரி ஒருவர் என் மனைவியிடம் வந்தார். அவருடைய ஏழு வயது மகன், 2003இல் வெளிவந்த அந்த 'நீமோ' கார்ட்டூனைப் பார்த்துவிட்டு, "எனக்கும் கடல் மீன் வேணும்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம். "உங்கட வீட்டுல வளர்த்தவங்கதானே? என்ன வாங்கணும், எப்படி வைக்கணும் எண்டு மௌலவியிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்றார். ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கடலோரம் வாழ்ந்தும் காணாத கடல்

எங்கள் வீடு திருகோணமலைத் துறைமுகத்துக்கு அண்மையில் இருக்கிறது. வாசலில் நின்றால் கப்பல்களின் விளக்கு தெரியும். உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எங்களுடையது. மகாவலி கங்கை வந்து விழும் கொட்டியாரக் குடா ஒரு பக்கம். நிலாவெளி, குச்சவெளி என்று நீளும் வெண்மணற் கரை மறுபக்கம். இப்படிப்பட்ட ஊரில்தான் என் உம்மா பிறந்தார், வாழ்க்கைப்பட்டார், பிள்ளை பெற்றார்.

1992இல் வாப்பா நோயில் மௌத்தானார். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். இத்தா முடிந்த மறுநாளே உம்மா இடியப்ப உரலைக் கையில் எடுத்தார். சுபஹுக்கு முன் எழுந்து மாவு வறுத்து, இடியப்பம் அவித்து விற்றுத்தான் என்னை அறபுக் கல்லூரிக்கு அனுப்பினார். தங்கைகளைக் கரை சேர்த்தார். அந்த அடுப்படியிலிருந்து கடல் இருநூறு அடி தூரம்கூட இல்லை. ஆனால் அந்தக் கடலுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

எங்கிருந்தோ வந்தவர்கள் பார்த்தார்கள்! 1956இல் ஆர்தர் சி. கிளார்க் என்ற ஆங்கில எழுத்தாளர் தம் நண்பர் மைக் வில்சனுடன் திருகோணமலைக்கு வந்து, சுவாமி மலையடியில் சுழியோடினார். நம் நாட்டுச் சுழியோடி ரொட்னி ஜோன்க்ளாஸ், வண்ணக் கடல் மீன்களை உயிரோடு பிடிப்பது எப்படி என்று 1975இல் ஒரு நூலே எழுதினார். அவர்களெல்லாம் பார்த்த கடலை, அதன் கரையிலேயே சோறாக்கிய எங்கள் தாய்மார் பார்க்கவில்லை. யோசித்துப் பாருங்கள்!

நானும் பார்த்ததில்லை. யுத்தக் காலத்தில் வளர்ந்தவன் நான். கடல் எங்களுக்குத் தடை செய்யப்பட்ட இடமாகவே இருந்தது. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு, 2013இல் மாணவர்களை அழைத்துக்கொண்டு புறாமலைக்குப் போனேன். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் சிறு தீவு அது. மாடப்புறாக்கள் தங்குவதால் அந்தப் பெயர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. நூறு வகைக்குக் கிட்டிய முருகைக்கற்களும் முந்நூறு வகைக்குக் கிட்டிய மீன்களும் அங்கே இருப்பதாகச் சொல்வார்கள்.

முகக் கண்ணாடி அணிந்து தண்ணீருக்குள் முகத்தை வைத்தேன். சுப்ஹானல்லாஹ்! கிளை விட்ட முருகைக்கல் ஒன்றின் மேல் நீலமும் பச்சையும் கலந்த சின்னஞ்சிறு மீன்கள் நூறு இருக்கும். ஒரே திசையில் பார்த்தபடி நின்றன. என் கை அசைந்தது. அத்தனையும் ஒரே நொடியில் கல்லின் கிளைகளுக்குள் மறைந்தன. கையை அசைக்காமல் இருந்தேன். அத்தனையும் ஒன்றாக வெளியே வந்தன. யாரும் கட்டளையிடவில்லை, ஒன்றை ஒன்று இடிக்கவுமில்லை. தொழுகையின் ஸஃப்பு என் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். "ம்ம்… நீ கண்டுட்டாய்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை என் மனதில் முள்ளாகத் தைத்தது. உம்மாவைக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போக முடியாது. கடலை உம்மாவிடம் கொண்டு வந்தால் என்ன என்று எண்ணினேன். நிய்யத் நல்லதுதான். ஆனால் நல்ல நிய்யத் மட்டும் போதாது என்பதை அறியப் பல ஆண்டுகள் ஆயின.

அப்ப மாவும் மீன் தொட்டியும்

2018இல் கொஞ்சம் பணம் சேர்ந்தது. நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி செய்வித்தேன். அது ஏறத்தாழ 250 லீற்றர் கொள்ளும். கடல் நீரின் நிறை மட்டும் 250 கிலோவுக்கு மேல் வரும் என்பதால் அதன் கீழ் வைக்க இரும்பில் ஒரு தாங்கியும் செய்ய வேண்டியிருந்தது. முச்சக்கர வண்டியில் கேன் கேனாக நிலாவெளியிலிருந்து கடல் நீர் கொண்டு வந்தேன். துறைமுகத்துத் தண்ணீர் கூடாது; அதில் எண்ணெயும் கழிவும் இருக்கும். மாரியில் ஆற்று வெள்ளம் கலந்து உப்பும் குறைந்துவிடும். முருகைக்கல் வாழும் கடலில் ஒரு லீற்றர் நீருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அந்த அளவு குறையக் கூடாது. ஆவியாகி நீர் வற்றும்போது கூடவும் கூடாது.

நீர் தெளிந்ததும் மூன்றாம் நாளே மீன் விட்டேன். இரண்டு கிழமைக்குள் எல்லாம் செத்து மிதந்தன. அவசரம்! காரணம் பிறகுதான் விளங்கியது. மீனின் கழிவிலிருந்து அமோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றுகிறது. அதனால் கெடுதி குறைவு. இந்த நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் வரை எடுக்கும். சகோதரிகளே, அப்ப மாவைக் கரைத்த உடனே சுட்டால் அப்பம் வருமா? புளிக்க விடத்தானே வேண்டும்? தொட்டித் தண்ணீரும் அப்படித்தான். பழுக்க விட வேண்டும். ஐம்பது வேளை அப்பம் சாப்பிட்டவனுக்கு இது புரியாமல் போனதே!

அடுத்தது கல். உலகில் பலர் இந்தத் தொட்டிகளில் கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் ஒட்டிய கல்லை வைக்கிறார்கள். 1961இல் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர்தான், அத்தகைய கல்லே தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்பதை எழுதிப் பரப்பினார். ஆனால் நம் நாட்டில் முருகைக்கல்லை உடைப்பதும் எடுப்பதும் சட்டப்படி குற்றம். நான் தொட்டி வைத்திருப்பதை அறிந்த மாணவன் ஒருவன் ஒருநாள் பொலித்தீன் பையில் ஒரு கிளைமுருகைக் கல்லைக் கொண்டு வந்தான். "ஹஸரத், இது செத்த கல்தான், புறாமலையில கிடந்துது" என்றான். அன்போடு கொண்டு வந்த பிள்ளையை எப்படிக் கோபிப்பது? உட்கார வைத்துச் சொன்னேன்: "மகன், முருகைக்கல் என்பது கல் அல்ல; கோடிக்கணக்கான சிறு உயிர்கள் கட்டிய வீடு. கிளை விடும் வகை வருடத்துக்குச் சில அங்குலம் வளரலாம். உருண்டை வகை ஒரு விரல் அகலம்கூட வளராது. செத்த கல்லிலும் மீன் குஞ்சு ஒளிந்திருக்கும். அது ஊருக்குச் சொந்தமான பொருள். நீயும் நானும் எடுக்க முடியாது." அடுத்த கிழமை இருவருமாகப் போய் அதைக் கடலிலேயே விட்டு வந்தோம்.

அதற்குப் பதிலாகச் சீமெந்தும் மணலும் உப்புக்கல்லும் சேர்த்துக் குழைத்து நானே கல் செய்தேன். காய்ந்ததும் தண்ணீரில் போட, உப்புக் கரைந்து பொந்துகள் உண்டாயின. சீமெந்தின் காரம் போகும்வரை இரண்டு மாதம் நன்னீரில் ஊறவைத்து, அடிக்கடி தண்ணீர் மாற்றினேன். "கல்லுக்கும் குளிப்பாட்டா?" என்று என் மனைவி கேட்டார். ஆறு மாதத்தில் அந்தக் கற்கள் மேல் ஊதா நிறப் பாசி படர்ந்தது. பார்ப்பவர்கள் கடற்கல் என்றே நினைத்தார்கள்.

முதலில் அந்த நீலப்பச்சை மீன்கள் ஆறு வாங்கினேன். குரோமிஸ் என்பது அவற்றின் பெயர். கடலில் நூறாக நின்று ஸஃப்பு பிடித்தவை, தொட்டிக்குள் ஆறாக வந்ததும் அடிபிடியில் இறங்கின. வலியது மெலியதைக் கொத்தியது. மெலியது மூலையில் ஒதுங்கி, ஒருநாள் காணாமல் போனது. ஆறு ஐந்தாகி, ஐந்து நான்காகி, கடைசியில் ஒன்றே மிஞ்சியது! கடலில் கூட்டம் பெரிது. ஓடி ஒளிய இடமும் உண்டு. நாலடிக் கண்ணாடிக்குள் எங்கே ஓடுவது? என் தொட்டியின் சிறுமைதான் அந்த மீன்களின் குணத்தைக் கெடுத்தது என்று அப்போதே நான் உணர்ந்திருக்க வேண்டும்.

மாணவன் கேட்ட கேள்வி

2019இல் அந்தியாஸ் என்னும் மீன்களை வாங்கினேன். செம்மஞ்சள் நிறத்தில் பெண் மீன்கள் ஆறு. ஊதா கலந்த சிவப்பில், முதுகில் நீண்ட முள்ளோடு ஆண் ஒன்று. கொழும்பில் அனுமதி பெற்ற ஏற்றுமதியாளர் ஒருவரிடமிருந்து வாங்கி, ஒக்சிசன் நிரப்பிய பைகளை ரெஜிபோம் பெட்டியில் வைத்து, இரவு பஸ்ஸில் மடியில் சுமந்து வந்தேன். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் சித்திரை முதல் புரட்டாதி வரையான மாதங்களில் இந்த வண்ண மீன் பிடிக்கும் சுழியோடிகள் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் எங்கள் கரைக்கு வருவார்கள். ஆகவே எங்கள் கடலில் பிடிபட்டுக் கொழும்புக்குப் போன மீனையே நான் காசு கொடுத்துத் திருப்பிக் கொண்டு வந்தேனோ என்னவோ!

அந்த மீன்கள் வந்த அன்று வீடே திரண்டது. உம்மா ஒரு நாற்காலியைத் தொட்டிக்கு முன் போட்டு உட்கார்ந்தவர் அஸருக்குத்தான் எழுந்தார். "அடுப்பு நெருப்பு தண்ணிக்குள்ள நீந்துற மாதிரி இருக்கு" என்றார். என் கண் நிறைந்தது.

காலையில் மத்ரஸாவுக்குப் போகும் முன் ஒரு தரம், மாலையில் வந்து ஒரு தரம் உணவு போட்டேன். பாய்ந்து பாய்ந்து சாப்பிட்டன. குறை ஒன்றுமில்லை என்று நினைத்தேன். மூன்றாம் மாதம் உம்மா சொன்னார்: "மகன், இதுகள் திண்டும் மெலியுதே. வயிறு ஒட்டிக் கிடக்கு. தலை மட்டும் பெருசாத் தெரியுது." நான் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இல்ல உம்மா, நல்லாத்தான் திங்குது" என்றேன். படித்தவன் அல்லவா! அடுத்த கிழமை ஒன்று செத்தது. இன்னும் சில நாளில் மற்றொன்று.

அந்த நாட்களில்தான் வகுப்பில் அந்த ஹதீஸ் வந்தது. நீங்களும் அறிந்ததுதான். ஒரு பெண் ஒரு பூனையைக் கட்டி வைத்தாள். தானும் அதற்கு உணவளிக்கவில்லை. தரையில் கிடப்பதைத் தேடித் தின்னவும் அதை விடவில்லை. அது பசியால் செத்தது. அதற்காக அவள் தண்டிக்கப்பட்டாள் என்ற கருத்திலமைந்த நபிமொழி. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. வழக்கம் போல விளக்கினேன். பின் வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்தான்.

"ஹஸரத், அந்தப் பொம்புள கொஞ்சம் சாப்பாடு குடுத்திருந்தா?"

"கொஞ்சமென்றால்?"

"சாகாம இருக்க மட்டும். ஆனா அதுட பசிக்குப் போதாம."

பதினைந்து ஆண்டு கற்பித்தவன் நான். அந்தக் கேள்விக்கு வாய் திறக்க முடியவில்லை. என் கண்முன் செம்மஞ்சள் நிற மீன்கள் ஒட்டிய வயிற்றோடு நீந்தின. "அடைத்து வைத்தவன், அதன் பசிக்குத் தக்கபடி கொடுக்கத்தான் வேண்டும். தன் வசதிக்குத் தக்கபடி அல்ல" என்று சொல்லிவிட்டு, நேரத்துக்கு முன்பே வகுப்பை முடித்தேன்.

அன்றிரவு தேடிப் படித்தேன். அந்தியாஸ் மீன் கடலில் நீரோட்டத்துக்கு எதிரே நின்று, மிதந்து வரும் மிக நுண்ணிய உயிர்களைப் பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கொத்திக்கொண்டே இருக்கும். ஒரே தடவையில் வயிறு நிறையத் தின்று நாளெல்லாம் இருக்க அதனால் ஆகாது. இரண்டு வேளை போடுவது நமக்கு நிறைவாகத் தோன்றும். அதற்கு அது மெல்லக் கொல்லும் பட்டினி. நான் அந்த மீன்களுக்கு உணவு கொடுத்துக்கொண்டே பட்டினி போட்டேன். அவை போய்த் தேடித் தின்னவும் வழியில்லை. நான்கு பக்கமும் கண்ணாடி!

மறுநாள் உம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும்." உம்மா சிரித்தார். "புள்ள பசிச்சா உம்மாவுக்குத் தெரியும், மகன். கிதாபுல பார்க்கத் தேவல்ல." அன்று முதல் உணவுப் பொறுப்பு உம்மாவுடையதாயிற்று. இறாலை மிக மெல்லியதாக அரிந்து கழுவி, மீன் முட்டையோடு கலந்து, வெயில் ஏறிய பின் ஒரு தரம், பத்து மணிக்கு ஒரு தரம், லுஹருக்குப் பின், அஸருக்குப் பின், மஃரிபுக்குச் சற்று முன் என்று ஐந்து வேளை சிறிது சிறிதாகப் போட்டார். ஆர்டீமியா என்ற சிற்றுயிரின் முட்டைகளை உப்பு நீரில் இட்டால் ஒரு நாளில் பொரித்துவிடும்; அதையும் அவர் கற்றுக்கொண்டார். உணவு கூடினால் அழுக்கும் கூடும். ஆகவே வாரந்தோறும் பத்திலொரு பங்கு நீர் மாற்றுவது என் பொறுப்பு. நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் கருவியைக் கழுவுவது மகளின் பொறுப்பு. எஞ்சிய ஐந்து மீன்களும் இரண்டு மாதத்தில் முதுகு தடித்துப் பொலிவடைந்தன.

இருளில் கிண்டிய தண்ணீர்

2022ஐ நம் நாட்டில் யார் மறப்பார்? காஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, பால்மா வரிசை. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. கடல் மீன் தொட்டிக்கு மின்சாரம்தான் மூச்சு. மோட்டர் நின்றால் நீர் அசையாது. நீர் அசையாவிட்டால் காற்று கரையாது. உப்பு நீரில் நன்னீரைவிடக் குறைவாகவே ஒக்சிசன் கரையும். சூடு ஏற ஏற அதுவும் குறையும். எங்கள் ஊர்ச் சூடு சொல்லத் தேவையில்லை. பற்றரியில் ஓடும் காற்றுக் கருவி கடைகளில் தீர்ந்துவிட்டது.

என்ன செய்வது? கையால்தான். ஒரு கோப்பையில் நீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவது; மீண்டும் மொள்வது, ஊற்றுவது. மெழுகுதிரி வெளிச்சத்தில் மனைவி ஒரு மணி நேரம், மகள் ஒரு மணி நேரம், நான் ஒரு மணி நேரம். உம்மாவைத் தூங்கச் சொன்னால் கேட்கவில்லை. தஸ்பீஹ் ஓதியபடி ஊற்றுவார்.

ஒருநாள் பால்மா வரிசையில் ஐந்து மணி நேரம் நின்று வெறுங்கையோடு வந்த என் மனைவி, இறால் அரிந்துகொண்டிருந்த உம்மாவைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஊரே வரிசையில நிக்குது. மீனுக்கு இறால் குடுக்குறது சரிதானா? வீண்விரயம் இல்லையா?"

நியாயமான கேள்வி. நெடுநேரம் யோசித்தேன். பிறகு சொன்னேன்: "வீண்விரயம் நான் அதை வாங்கிய அன்றே நடந்துவிட்டது. இன்று கொடுப்பது விரயமல்ல, கடன். கடலில் தன்பாட்டில் தின்ற உயிரை நாம் அடைத்து வைத்திருக்கிறோம். நம் பங்கில் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் இனி ஒரு மீன்கூட வாங்க மாட்டேன்." கடலில் திருப்பி விட்டால் என்ன என்றும் எண்ணினேன். தொட்டியிலிருந்த மீன் நோயையும் கொண்டு போகக்கூடும். பழையபடி இரை தேடுமா என்பதும் ஐயம். ஓர் உயிருக்கு நன்மை செய்வதாக எண்ணி ஒரு கடலுக்குத் தீங்கு செய்ய மனம் வரவில்லை.

ஏப்ரல் மாதத்தில் ஒரு விடியற்காலை, ஆண் மீன் மணலில் சாய்ந்து கிடந்தது. மகள் அழுதாள். எஞ்சிய நான்கும் இரண்டு நாள் கல்லின் பொந்தை விட்டு வெளியே வரவில்லை. பிறகு ஒரு புதுமை நடந்தது. நான்கில் பெரியது முன்னே வந்தது. மற்றவற்றைச் சுற்றிச் சுற்றி நீந்தியது. வாரங்கள் செல்லச் செல்ல அதன் செம்மஞ்சள் மங்கி ஊதா படர்ந்தது. முதுகு முள் நீண்டது. கூட்டத்தின் ஆண் மீன் போய்விட்டால் பெண் மீன்களில் ஒன்று ஆணாகவே மாறி அந்த இடத்தை நிரப்புவது இந்த மீனினத்தின் படைப்பு. லெவ் பிஷெல்சன் என்ற உயிரியலாளர் 1970இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார். அல்லாஹ்வின் படைப்பில்தான் எத்தனை விந்தைகள்!

நான் இதையெல்லாம் படித்துப் படித்து உம்மாவுக்கு விளக்கினேன். அவர் தொட்டியைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு சொன்னார்: "ஓம், மகன். ஆள் இல்லாமப் போனா ஆரோ ஒராள் நிக்கத்தானே வேணும். மத்ததுகளுக்குப் பசிக்குமே."

அவர் மீனைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் எனக்கு 1992ஆம் ஆண்டின் இடியப்ப உரல் சத்தம் கேட்டது. அதுவரை ஒருநாளாவது அந்த உரலுக்காக உம்மாவுக்கு நான் வாய் திறந்து நன்றி சொன்னேனா? இல்லை. அன்று சொன்னேன்.

உம்மா கண்ட கடல்

அந்த நான்கு மீன்களும் ஒவ்வொன்றாகத் தம் காலம் முடிந்து போயின. கடைசி மீன் 2024இல் செத்தது. தொட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்தபோது உம்மா கேட்டார்: "இதுகள் வந்த இடம் எங்க?"

அடுத்த அமைதிக் காலத்தில் ஒரு காலை வேளை, நாங்கள் எல்லோரும் படகில் புறாமலைக்குப் போனோம். உம்மாவுக்கு எழுபது வயது. ஆழத்துக்குப் போகவில்லை. கரையோரம், முழங்கால் அளவுத் தண்ணீரில், உடுத்திருந்த உடையோடு, மகளும் மனைவியும் இரு பக்கமும் கைபிடிக்க மெதுவாக உட்கார்ந்தார். முகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார். நான் கரையில் நின்றேன். மூச்சு வாங்க நிமிர்வார், மறுபடி குனிவார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு நாளும் இதுக்குப் பக்கத்திலயா மகன் நான் சோறாக்கினது?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "முதல்லயே இஞ்ச கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே. அதுகளைக் கொண்டு வந்து கஷ்டப்படுத்தாம." எத்தனை எளிய தீர்ப்பு! கடலை வீட்டுக்குக் கொண்டு வர ஆறு ஆண்டு பாடுபட்டேன். உம்மாவைக் கடலுக்குக் கூட்டிச் செல்ல எனக்கு ஒரு காலைப்பொழுதுதான் தேவைப்பட்டது.

பக்கத்து வீட்டுச் சகோதரிக்கு…

இனி அந்தச் சகோதரிக்கு என் பதில். வீட்டில் உயிர் வளர்ப்பது மார்க்கத்தில் தடையல்ல. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்ற சிறுவர் ஒரு குருவி வைத்திருந்தார். அது செத்தபோது நபி (ஸல்) அவர்கள் அந்தக் குழந்தையிடம் அன்போடு விசாரித்தார்கள். இதை வைத்தே, முறையாகப் பராமரிப்பதாயின் வளர்க்கலாம் என்று அறிஞர்கள் கூறினார்கள். 'முறையாக' என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

கூட்டமாக வாழும் கடல் மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்து பிடிக்கப்படுபவையே. வளர்ப்பகங்களில் பொரித்து வளர்க்கும் கோமாளி மீன்களும் உண்டு. நீமோ அந்த இனம்தான். வாங்கத்தான் வேண்டுமென்றால், வளர்ப்பகத்தில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். தொட்டி பழுக்க ஆறு வாரம் காத்திருங்கள். அந்த மீன் ஒரு நாளைக்கு எத்தனை தரம், எதை உண்ணும் என்று வாங்கும் முன் அறிந்துகொள்ளுங்கள். மின்சாரம் போனால் யார் விழித்திருப்பது என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள். 'பிள்ளை பார்த்துக்கொள்ளும்' என்று எண்ணாதீர்கள். ஒரு மாதத்தில் அந்த வேலையும் உங்கள் தலையில்தான் விழும்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவை உட்பட நம் நாட்டின் பல இடங்களில் முருகைக்கற்கள் வெளிறிச் செத்தன. புறாமலை அன்று தப்பியது. ஆனால் உலகக் கடல்களில் நான்காவது முறையாகப் பெரும் வெளிறல் நடப்பதாக 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். எங்கள் கடல் என்றென்றும் தப்பும் என்று யார் உறுதி சொல்வது? ஆகவே முதலில் அந்தப் பிள்ளையைப் புறாமலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். முருகைக்கல்லில் கால் வைக்காதே, ஒரு சிப்பியைக்கூட எடுக்காதே என்று சொல்லிக் காட்டுங்கள். நீங்களும் பாருங்கள்! கடல் ஆண்களுக்கு மட்டும் படைக்கப்பட்டதல்ல. அதன் பிறகும் அவன் மீன் வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். அந்தப் பழைய தொட்டியில் இப்போது நன்னீரில் என் மகளின் கப்பி மீன்கள் இருக்கின்றன. எளிதில் வளரும், குஞ்சும் போடும். ஒரு சோடி தருகிறோம். ஒரு மாதம் நேரம் தவறாமல் உணவு போடட்டும், பிறகு பேசலாம்.

நம் பொறுப்பில் விடப்பட்ட ஒவ்வோர் உயிரும் ஓர் அமானிதம். தொட்டியில் இருப்பது மட்டுமல்ல. நம் வீட்டு மூலையில், நாற்காலியில், நாம் நன்றி சொல்ல மறந்துபோன முதிய உயிரும்தான். அந்த அமானிதங்களின் பசியை அறிந்து கொடுக்கும் மனதை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.